பச்சைக் கால் பீப்பாய்கள்

மோட்டாரை ஒத்தீலியா கார்சா காதில் வைத்துப் பார்ப்பதில்லை. காதுக்குப் பின்னால், தாடை எலும்பு முடிகிற இடத்தில் அழுத்திக்கொள்கிறார். இன்னொரு கையால் இரண்டு கம்பிகளை ஒரு பழைய பைக் பேட்டரியில் தொடுகிறார். மோட்டார் உறுமும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். “இது இருமுது” என்று ஒன்றைக் குப்பைக்கே திருப்பி எறிகிறார். அடுத்ததை எடுக்கிறார். “இவன் பரவால்ல. நல்லா தூங்கி எழுந்தவன் மாதிரி இருக்கான். வாடா.” அது அவருடைய தோள்பைக்குள் போகிறது.

இது உடைசல் கார் கிடங்கில், வெள்ளிக்கிழமை மாலைகளில் நடப்பது. மற்ற நேரங்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கார்களின் உள்ளே சூடான காற்றைத் தள்ளுகிற அந்தச் சின்ன மோட்டார்தான் அவர் செய்யும் தீனிப் பீப்பாய்க்கு உயிர்.

நுவேசஸ் ஆற்றின் தெற்குக் கரையில், முள்மரக் காட்டுக்குள் எங்கே பார்த்தாலும் மூன்று கால்களில் ஒரு பீப்பாய் நிற்கும். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் மோட்டார் சில நொடிகள் சுழலும். அடியில் இருக்கும் தட்டு மக்காச்சோளத்தை நாலாபுறமும் வீசும். சத்தம் கேட்டு மான் வரும், காட்டுப் பன்றி வரும், காடை வரும். கடையில் விற்கிற பீப்பாய் பளபளவென்று இருக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒத்தீலியாவின் பீப்பாயில் எதுவும் புதிதில்லை. ஊறுகாய்க் கம்பெனி கழித்துப்போட்ட நீலப் பீப்பாயின் வாய்க்குக் கீழே கேக் வேகவைக்கிற தட்டு. நேரம் சொல்ல, யாரோ தோட்டத்தில் கைவிட்ட தண்ணீர்த் தெளிப்பானின் கடிகாரம். ரக்கூன்கள் கையை விட்டுத் தட்டைச் சுற்றிவிடாமல் இருக்க, மேசை விசிறியின் கூண்டு.

ரக்கூன்கள் மேல் அவருக்குத் தனி மரியாதை. ஒன்று அந்தக் கூண்டையும் திறந்துவிட்டது. திட்டுவார் என்று பார்த்தால், “பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா என் பஸ்ல வர்றதுங்களைவிட நல்லா படிக்கும்” என்றார்.

நான் தீவனக் கடையில் கல்லாவில் நிற்பவன். சோளம் வாங்க வருவாரே தவிர, எங்கள் கடையில் ஒரு திருகாணிகூட வாங்கியதில்லை. “நான் கடையில போல்ட் வாங்கினா தோத்துப்போயிட்டேன்னு அர்த்தம்” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வார். அடக்கம் அவருக்குத் தெரியாத விஷயம். தான் செய்த பீப்பாய் காட்டிலேயே நல்ல பீப்பாய் என்று அதன் சொந்தக்காரரிடமே சொல்லிவிட்டு, “உனக்கு இது ஜாஸ்தி” என்று சிரிப்பார்.

போன வருடம் மான் வேட்டை சீசன் திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது வடகாற்று அடித்தது. அன்று எஃப்ராயின் மொராலெஸ் தன் பீப்பாயில் சோளம் நிரப்பப் போனார். எஃப்ராயினின் மகளுக்கு ஒத்தீலியா ஞானத்தாய். இருவரும் கொம்பாத்ரே, கொமாத்ரே என்று உரிமையோடு கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். எஃப்ராயின் பீப்பாயில் ஏணியைச் சாய்த்து ஏறி, கடைசி மூட்டையைக் கொட்டியிருக்கிறார். பீப்பாயின் ஒரு கால் மடங்கியது. பீப்பாயும் ஏணியும் அவரும் ஒன்றாய் விழுந்தார்கள். தோள் எலும்பு உடைந்தது. மனைவி கோன்சா தேடிக்கொண்டு வரும்வரை சோளத்தின் மேலேயே கிடந்தார்.

மருத்துவமனையில் எஃப்ராயின்தான் சமாதானம் சொன்னார். “விடு கொமாத்ரே. கோன்சா சமையல்தான் காரணம். நான் கொஞ்சம் ஒல்லியா இருந்திருந்தா அது நின்னிருக்கும்.”

ஒத்தீலியா சிரிக்கவில்லை. நேரே அந்த இடத்துக்குப் போய் மடங்கிய காலை அறுத்து எடுத்துவந்தார். எங்கள் கடை மேசைமேல் வைத்தார். பூங்காவில் இருந்து கழித்த ஊஞ்சல் கம்பம். வெளியே அழகான பச்சைப் பெயின்ட், உள்ளே விரலை விட்டால் துரு மாவாக உதிர்ந்தது.

“பெயின்ட் அடிச்சது நான்தான்” என்றார். “உள்ள தட்டிப் பாத்திருக்கணும். மோட்டாருக்குக் காது கொடுத்தேன், காலுக்குக் கொடுக்கல.”

அந்தக் கம்பங்கள் ஒரு லாரி நிறைய அவருக்குக் கிடைத்திருந்தன. எத்தனை பீப்பாய்க்குப் போட்டார், யார் யாருக்குக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. சிலர் வாங்கி மச்சானுக்குக் கொடுத்திருந்தார்கள், சிலர் விற்றிருந்தார்கள். ஆனால் சோளம் வாங்க எல்லோரும் எங்கள் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வருகிறவர்களை எல்லாம் மறித்தார்.

“உன் பீப்பா காலு பச்சையா?”

“என் காலு கறுப்பு, தோன்யா ஒத்தீலியா. பாக்கறீங்களா?” என்று ஒருவன் பேன்ட்டைத் தூக்கினான்.

“அது முறிஞ்சுபோனா எனக்கென்ன. பீப்பா காலு என்ன கலர், சொல்லுடா.”

அன்று அவர் என்னிடம் ஒரு பெட்டி புது போல்ட் கேட்டார். நான் எடுத்து வைத்தேன்.

பழைய எண்ணெய்க் கிணறுகளில் இருந்து உருவிப்போட்ட கனத்த குழாய்கள் எங்கள் ஊரில் வேலிக்குத்தான் போகும். அவற்றை டிரக்கில் ஏற்றிக்கொண்டு, வெல்டிங் மெஷினோடு பண்ணை பண்ணையாகப் போனார். பேருந்து ஓட்டி முடித்துச் சாயங்காலம், ஞாயிறுகளில் பூசை முடிந்து. காசு கேட்கவில்லை. யாராவது நீட்டினால், “வாயை மூடிட்டு அந்தப் பக்கத்தைப் பிடி” என்பதுதான் பதில்.

எல்லோரும் வரவேற்கவில்லை. ஹார்லன் ஓட் என்கிற பண்ணைக்காரர் கேட்டைத் திறக்க மறுத்தார். “சீசன் திறக்கப்போகுது. இப்போ வந்து நீங்க வெல்டிங் பண்ணினா புகை நாத்தத்துல ஒரு மானும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. அப்புறமா வாங்க.”

“மான் ஓடினா திரும்பி வரும், ஹார்லன். பீப்பா உன் தலைமேல விழுந்தா உன்னைத் திருப்பிக் கொண்டுவர என்கிட்ட உடைசல் பார்ட்ஸ் இல்ல.”

“என் தலை, என் இஷ்டம்.”

ஒத்தீலியா வாக்குவாதம் செய்யவில்லை. கேட்டுக்குக் குறுக்கே டிரக்கை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். மடியில் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, சோளத்தோலை உரித்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஹார்லனின் வண்டி வெளியே போக வேறு வழி கிடையாது. அவர் கொஞ்ச நேரம் ஹார்ன் அடித்தார், கொஞ்ச நேரம் சபித்தார். கடைசியில் இறங்கிவந்து சங்கிலியை அவிழ்த்தபோது, ஒத்தீலியா ஜன்னல் வழியாக அவருக்கும் ஒன்று நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பீப்பாயின் இரண்டு கால்களுக்குள் துரு இருந்தது. அதற்குப் பிறகு, தன் மச்சான் பண்ணைக்கு வழிகாட்டியவர் ஹார்லன்தான்.

எஃப்ராயினின் பீப்பாயை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். சீசன் திறந்து முதல் வாரம் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை குழாய்களைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். நசுங்கிய பீப்பாயைத் தட்டி நேராக்கி, புதுக் கால்களில் நிறுத்தினார். கீழே இருந்தபடி நிரப்பும்படி கப்பி ஒன்றும் பொருத்தினார். எந்தக் காலிலும் பெயின்ட் அடிக்கவில்லை. மூட்டையெல்லாம் கொட்டி முடிந்தபோது எஃப்ராயின் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, கோன்சாவைப் பிடித்தபடி மெல்ல நடந்துவந்தார். பீப்பாய்க்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். பக்கத்தில் வரவில்லை.

“நல்லா இருக்கு கொமாத்ரே. இங்கேருந்தே தெரியுது.”

ஒத்தீலியா அவரைப் பார்த்தார். வெல்டிங் கையுறைகளைக் கழற்றித் தரையில் போட்டார். நிறைந்திருந்த பீப்பாய்க்கு நேர் கீழே போய் நின்று, கால்களை இணைக்கும் குறுக்குக் குழாயை இரண்டு கைகளாலும் பற்றினார். முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையிலிருந்து தூக்கி, தன் கனம் முழுவதும் அதில் தொங்க, அப்படியே முன்னும் பின்னும் ஆடினார்.