பின்வளவு வீடு

ஓய்வு பெற்றபின் வேறு நாட்டில் போய்க் குடியேறுகிறவர்கள் நிம்மதியைத் தேடிப் போகிறார்களாம். நான் நிம்மதியைத் தேடி வரவில்லை, புருஷன் ஊர் என்று வந்தேன். மஸ்கட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், அவர் எலெக்ட்ரீஷியன். நான் நாகப்பட்டினத்துக்காரி, அவர் மட்டக்களப்பு. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் வேலையை முடித்துக்கொண்டு அவர் ஊரான தேற்றாத்தீவுக்கு வந்து சேர்ந்தோம். புருஷன் வீட்டுக்குப் போவதுதானே எங்கள் பக்கத்து வழக்கம்? கடற்கரை ஓரமாக அவர் பிறந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, சாமானை இறக்கச் சொன்னேன். அவர் இருக்கையில் நெளிந்தார்.

"இது என்ட வீடில்ல. தங்கச்சிட வீடு."

அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாயும் தகப்பனும் அதே காணியின் பின்பக்கம், பின்வளவில், சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேக்கல்லியே" என்றார். கேட்பதற்கு எனக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வேனிலேயே திரும்பிப் போயிருப்பேன்.

வாவி என்று அவர்கள் சொல்கிற காயல் பக்கமாகக் காணி வாங்கி வீடு கட்டினோம். நான் வெளிநாட்டுக்காரி என்பதால் எல்லாம் அவர் பேரில். பார்க்க வந்த பெண்கள், ஆம்பிளை பேரில் வீடா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டூட்டியிலேயே ஓடிய கால்கள், சும்மா இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. காலையில் சந்திக்குப் போவேன், வாங்க ஒன்றும் இருக்காது, திரும்பி வருவேன். வருஷத்துக்கு ஒருமுறை விசாவுக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறும்போது மட்டும் மனசு கொஞ்சம் சுகமாக இருக்கும். திரும்பி வந்தால் மறுபடியும் அதே வாவி, அதே தண்ணீர்.

பிறகு கடல் வந்தது. நாத்தனாரின் புருஷன் அன்று காலை கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றிருக்கிறார். அவர் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் மிஞ்சியது சிமெந்துத் தரை மட்டும். நாத்தனாரும் மகளும் நனைந்த துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு போன் கிடைக்கவே பல நாள் ஆயிற்று. அண்ணன் குடும்பம் தப்பியிருந்தது. இங்கே வந்துவிடு என்றான். அங்கேயும்தான் கடல் வந்திருக்கிறது, அங்கே வந்து என்ன செய்ய என்று அவனிடம் எரிந்து விழுந்தேன்.

நாத்தனாருக்கு அரசாங்கம் தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை. நாட்டில் சண்டைதான் மறுபடி வந்தது. இரண்டு பெண்களுக்கு ஒரு அடுப்படி போதாது என்பதை நான் அந்த வருஷங்களில் படித்தேன். என் சாம்பாரை எட்டிப் பார்த்து, இது குடிக்கிறதா தின்கிறதா என்று கேட்பாள். அவளுடைய தேங்காய்ப்பால் சொதியைப் பார்த்து நானும் அதையே கேட்பேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் விழுந்து எங்கள் ஜன்னல் அதிரும்போதெல்லாம் நான் பாஸ்போர்ட்டை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொள்வேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"உங்களுக்குப் போக ஒரு இடம் இரிக்கி மச்சாள்."

குத்தலாகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கு மறு வருஷம் என் புருஷன் போனார். கடல் விட்டுவைத்தது, சண்டை விட்டுவைத்தது, நெஞ்சுவலி விடவில்லை. பிள்ளையில்லாத எங்களுக்கு அந்த வீடுதான் மிச்சம், அவர் எழுதி வைத்திருந்தபடி அது எனக்கு வந்தது. அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான். நான் போகவில்லை. ஊர்ப் பாசமா? மண்ணாங்கட்டி. நான் பஸ் ஏறிய கையோடு வீடு நாத்தனார் மகளுக்குப் போய்விடும் என்று ஊரே காத்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் நின்றேன். கட்டிய வீட்டில் சாகக்கூட விடமாட்டார்களா என்று சுவரைப் பார்த்துப் புலம்பியிருக்கிறேன்.

சண்டை முடிந்த பிறகு நாத்தனார் பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கரடியனாற்றுப் பையன், நல்ல உழைப்பாளி. இந்தப் பக்கத்தில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்ப்பார்கள். வீடு இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் எளிதில் ஒப்பேறாது. கலியாணம் பேசிய கிழவர் என்ன சொல்லிக் கூட்டி வந்தாரோ, பையனின் தாய்மாமன் என் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கக்கூஸ் கதவைக்கூடத் திறந்து மூடினார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நாத்தனார் வாய் திறந்து 'இது என் மகளுக்கு' என்று சொல்லட்டும், கரண்டியோடு வெளியே போய்விடுவது என்று இருந்தேன்.

வீடு பிள்ளைக்குத்தானே என்று தாய்மாமன் கேட்டார்.

"இல்ல. இது எங்கட மச்சாள்ட வீடு," என்றாள் நாத்தனார். "நாங்க வந்து இரிக்கிற ஆக்கள்."

கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். பெண் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. வீடு தேடி வந்த மாப்பிள்ளையை எதற்காக இப்படித் துரத்தினாய் என்று அவளையே பிடித்தேன்.

அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்கட அம்மாட வீட்டுக்கு நீங்க போகக்குள்ள, நீங்களா தந்தா வாங்குவன். நானாக் கேக்க மாட்டன்."

"அம்மா வீடா? அது அண்ணனுக்கு. எங்க ஊர்ல பொண்ணுக்கு ஏது வீடு?"

அவள் கை அப்படியே நின்றது. பெண்ணாகப் பிறந்தவளுக்கு அவள் தாய் வீடு இல்லாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கென்று ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் பிடிவாதத்துக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள்.

"இத்தன காலமாச் சொல்லல்லியே மச்சாள்."

"நீங்க கேக்கலையே."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அவர் போன அன்று அழாத அழுகையை நானும் அழுதேன்.

மறுநாள் காலை நானே கலியாணம் பேசிய கிழவரிடம் போனேன். வீடு பெண்ணுக்குத்தான், போய்ச் சொல்லுங்கள் என்றேன். மூன்றாம் மாதம் மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினார். நானும் நாத்தனாரும் பின்வளவில் ஓர் அறையும் அடுப்படியும் போட்டுக்கொண்டு நகர்ந்தோம். மறுபடியும் ஒரே அடுப்பு, மறுபடியும் சாம்பார்ச் சண்டை. என் கால்கள் இன்னும் அடங்கவில்லை. காலையில் சந்திக்குப் போகிறேன், வருகிறேன், வருஷம் தவறாமல் விசாவுக்கு ஓடுகிறேன்.

போன மாதம் பெண்ணுக்குப் பெண் பிறந்தது. நாத்தனார் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் வாவிதான், வேறு நிலம் இல்லை.

"இவள் வளந்து கலியாணம் முடிச்சா, இவட அம்மா இஞ்ச வருவா," என்றாள். "மறுகா நாம எங்க போற மச்சாள்?"

"எங்கயும் போகல. தள்ளிப் படுத்துக்குவோம்" என்றேன்.