தீர்மானத்துக்கு மட்டும் ஒன்பது

அடையாறில் என் மகள் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் வீட்டு வாசலில் 'பெரியவர்களும் சேரலாம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பத்து வயதில் நானே ஒரு பெரியவருக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தவன். அந்தப் பெரியவர் என் அப்பா.

அப்பாவுக்கு தி. நகரில் பாத்திரக் கடை. மயிலாப்பூர் வகுப்புக்கு என்னை அழைத்து வந்து மாடிப்படியில் காத்திருப்பவர், ஒரு நாள் தானும் சேர்ந்துவிட்டார். ஆறு வயதுப் பொடிசுகளின் வரிசையில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். என் கிரிக்கெட் கூட்டாளி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சி, உங்கப்பா எல்கேஜில உக்காந்துக்கினு கீறாரு" என்றான்.

போன மானத்தை மீட்டுத் தந்தவர் எங்கள் ஆசிரியர். "உங்க பையன் ஒரு வருஷம் சீனியர், சார். ஆத்துல அவன்கிட்டயே பழகிண்டு வாங்கோ" என்றார். மானத்தோடு மண்டைக்கனமும் வந்தது. வீட்டில் பாடம் தொடங்குமுன் அப்பா எனக்கு வணக்கம் சொல்ல வேண்டும். கை தவறினால் ஸ்கேலைக் காட்டுவேன். "மன்னிச்சிருங்க வாத்தியாரய்யா" என்பார்.

விஜயதசமி நிகழ்ச்சிக்கென்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பில் ஒரு தீர்மானம் சொல்லிக் கொடுத்திருந்தார் ஆசிரியர். ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து, தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில் சரியாக வந்து முடிக்க வேண்டும். போன வருடம் நானும் படித்ததுதான், சுத்தமாக மறந்திருந்தது. மறந்துவிட்டது என்று மாணவனிடம் சொல்ல எந்த வாத்தியாருக்கு மனசு வரும்? நானே ஒன்றைத் தயாரித்தேன். அது ஓர் எண்ணிக்கை தள்ளிப் போய் முடிந்தது.

"வாத்தியாரய்யா, ஆதி தாளத்துக்கு எட்டுல்லா?" என்றார் அப்பா.

"தீர்மானத்துக்கு மட்டும் ஒன்பதுப்பா. நடுவுல பேசக் கூடாது."

அப்பா தலையாட்டிவிட்டு ஒன்பதிலேயே வாசித்தார்.

நிகழ்ச்சியன்று கோயில் பக்கத்து மண்டபத்தில் நான் மேடையில் உட்கார்ந்து கையால் தாளம் போட வேண்டும். புதியவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசிப்பார்கள். முதல் பொடிசு தீர்மானத்தை எட்டில் முடித்தது. இரண்டாவதும் எட்டு. அடுத்தது அப்பா. நான் எட்டுப் போட்டால் அவர் மாட்டிக்கொள்வார். ஒன்பது போட்டால் நான் மாட்டிக்கொள்வேன். கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது பட்டப்பகல் என்பதும், மிருதங்கம் கரண்டில் ஓடுவதில்லை என்பதும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்பா வந்து உட்கார்ந்து, மேடையிலேயே எனக்கு வணக்கம் சொன்னார். கண்ணை இறுக மூடிக்கொண்டு எட்டுப் போட்டேன். தீர்மானம் கச்சிதமாக வந்து எட்டில் இறங்கியது. கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தால், "பேஷ்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியரிடம் அப்பா என்னைக் காட்டி, "எல்லாம் இவுக சொல்லிக் குடுத்தது" என்றார். கூச்சமே இல்லாமல் எழுந்து நின்று கும்பிட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் வழக்கம்போல என் முன்னால் உட்கார்ந்தார். என்னுடைய ஒன்பதை, ஒரு தட்டுக்கூடக் குறையாமல் வாசித்துவிட்டு, என் முகத்தையே பார்த்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே எட்டே போதும்ப்பா" என்றேன்.

உடனே எட்டில் வாசித்தார். முதல் தடவையிலேயே பிசகில்லாமல் வந்துவிட்டது. ஒரே வார்த்தையில் மாணவனைத் திருத்திவிட்ட என் திறமையை நினைத்து, அன்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.