இக்காஸ்டில் பிஸ்டலுக்குக் கோட்டுத் தைத்த கதை

1. சுவரோடு போய் நின்றது

பிஸ்டல் வைத்திருப்பவர் ஒருவர் அறைக்குள் வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டு கைகளும் தெரியும்படி நிற்க வேண்டும். கேட்டால் ஒழியக் கதைக்கக் கூடாது. எந்தச் சுற்றறிக்கையிலும் இது இல்லை. ஆனாலும் எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆகவே டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில், தையல் தொழிற்சாலையின் மாதிரி உடுப்புத் தைக்கும் சாம்பிள் அறைக்கு வந்த உயரமான மனிதர் கதிரையில் இருந்ததும், நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோடு போய் நின்றேன்.

சாம்பிள் அறைக்குப் பொறுப்பான கிர்ஸ்டன் என்னைப் பார்த்தா. வாயில் சிகரெட், கழுத்தில் அளவுநாடா. அவவை வேறு கோலத்தில் நான் கண்டதில்லை.

"என்ன, சுகமில்லையோ?"

"சுகம்தான். இவரிட்டைப் பிஸ்டல் இருக்கு. வலது இடுப்பிலை."

டெனிஷ்காரர் கதைத்ததை என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். அவர்கள் அமைச்சரையும் நாய்க்குட்டியையும் ஒரே 'நீ'யில் அழைப்பவர்கள். நான் என் பங்குக்கு 'நீங்கள்' என்றே எழுதுவேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம இலிகிதராக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

வந்தவரின் முகம் சிவந்துபோனது. அவர் பெயர் ஊலெ. கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு திணைக்களம். எது என்று கடைசிவரை சொல்லவில்லை. அமைச்சர்மாரோடு சாதாரண உடுப்பில் கூடப் போகிறவர்களுக்குப் பொறுப்பானவர் என்பது மட்டும் தெரிந்தது.

"என்ரை மனிசிக்கே இதை எங்க வைச்சிருக்கிறன் எண்டு தெரியாது. உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"இருக்கேக்கை இடப்பக்கத்தை முதல் இறக்கினீங்கள். வலப்பக்கத்தை முட்டை வைக்கிற மாதிரி வைச்சீங்கள். கோட்டின்ரை பின்பிளவு ஒரு பக்கம் மட்டும் வாயைத் திறந்தது."

கிர்ஸ்டன் சிரித்ததில் சிகரெட் பட்டர்ன் கடதாசியில் விழுந்தது. அதைத் தட்டி அணைத்தபிறகுதான் ஊலெ வந்த காரியம் வெளியே வந்தது. அவருடைய ஆட்களுக்குக் கோட்டு வேண்டும். உள்ளே பிஸ்டல் இருப்பது தெரியக் கூடாது. அதோடு, தினமும் கொண்டு திரிய எந்தப் பிஸ்டல் நல்லது என்றும் திணைக்களம் இன்னும் முடிவெடுக்கவில்லை. கோட்டையும் பிஸ்டலையும் சேர்த்தே தெரிவு செய்யப் போகிறார்களாம்.

"இவன் கண்டுபிடிக்க முடியாத கோட்டு எண்டால் எனக்கு ஓகே," என்றார் ஊலெ, என்னைச் சுட்டி.

இளம் ஆட்களுக்கு ஒரு விளக்கம். டென்மார்க்கில் உங்களையும் என்னையும் போன்றவர்கள் பிஸ்டலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிய முடியாது. ஆசைப்பட்டு விண்ணப்பித்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு விசாரிப்பார்கள். நான் சொல்வது அனுமதி உள்ளவர்களின் கதை.

2. பெரியவரும் சின்னவரும்

அந்தக் காலத்தில் தைப்பு வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் போர்த்துக்கலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஓடர் கிடைத்தால் சாம்பிள் அறை தப்பும், என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் எனக்கு அடுத்ததாக எங்கே வேலை இருக்கிறது என்பதை கொம்யூன் என்ற உள்ளூராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் அன்பாகச் சொல்லியிருந்தா: பன்றி வெட்டும் தொழிற்சாலை. நான் பிறந்ததில் இருந்து சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட விசாரித்துத்தான் வாயில் வைப்பேன்.

பதினைந்து நாளில் ஊலெ இரண்டு இரும்புப் பொம்மைகளோடு வந்தார். உண்மைப் பிஸ்டலின் அளவு, உண்மையான பாரம், ஆனால் சுடாது. தொடுவதற்கு எனக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்று கேட்டேன்.

"இது இரும்புத்துண்டு. நீ விரும்பினால் இதாலை கடதாசி பறக்காமல் பாரம் வைக்கலாம்."

ஒன்று நீளம், தடித்த பிடி. மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும், தட்டை. துணி விளிம்பு அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த புஷ்பம் அக்கா எழும்பி வந்து பார்த்தா. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரி, என்னைவிட இரண்டு வயது இளையவ. ஆனாலும் தொழிற்சாலை முழுவதற்கும் அவ அக்காதான்.

"இவர் பெரியவர், இவர் சின்னவர்," என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்தா. பிறகு கிர்ஸ்டனும் ஊலெயும்கூட அந்தப் பெயர்களையே சொல்லத் தொடங்கினார்கள். ஊலெயின் வாயில் 'பெரியவர்' என்பது ஏதோ நோயின் பெயர் மாதிரிக் கேட்டது.

ஊலெக்குப் பெரியவரில்தான் ஆசை. "கை நிறையப் பிடி இருக்கு. உள்ளுக்குக் கூடக் குண்டு போகும். சின்னவர் பொம்பிளையளின்ரை கைப்பைக்குச் சரி. என்ரை பெடியள் வெக்கப்படுவாங்கள்."

கிர்ஸ்டன் பெரியவருக்காக ஒரு கோட்டு வெட்டினா. நெஞ்சை இளக்கி, வலப்பக்கத்தில் லைனிங்கை இரட்டையாக்கி, இடையில் வைக்கும் இன்டர்லைனிங் துணியைத் தடிப்பாகப் போட்டு, கை பொருத்தும் ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கித் தைத்தோம். பிஸ்டல் தெரியவில்லை, உண்மைதான். ஊலெயும் தெரியவில்லை. ஒரு சோபாவுக்குக் கைகால் முளைத்து நடந்துவந்தது.

"உவரைக் கொண்டுபோய் வீட்டு ஹோலுக்குள்ளை வைச்சால் மூண்டு பேர் இருக்கலாம்," என்றா புஷ்பம் அக்கா.

"என்ன சொல்லுறா?" என்று ஊலெ கேட்டார்.

"நல்ல வசதியான கோட்டாம்," என்றேன்.

பிறகு முற்றத்தில் புஷ்பம் அக்காவின் சைக்கிளைக் கொடுத்து ஓடச் சொன்னோம். டெனிஷ்காரனுக்கு எந்தக் கோட்டுத் தைத்தாலும் சைக்கிள் சோதனை கட்டாயம். பெரியவர் முதல் வளைவிலேயே ஊலெயின் விலாவில் குத்தினார். இரண்டாவது வளைவில் ஊலெ இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்.

அப்போது நான் கச்சேரி முறையில் ஒரு கேள்வி கேட்டேன். பொருள் வாங்குமுன் பாவனை பற்றி விசாரிக்க வேண்டும் என்பது விதி.

"ஞாயிற்றுக்கிழமை காலமை பால் வாங்கப் போவீங்கள். அப்பவும் பெரியவர் இடுப்பிலை இருப்பாரோ?"

ஊலெ யோசித்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வராது.

"இல்லை. மேசை லாச்சிக்குள்ளை வைச்சிட்டுத்தான் போவன்."

"மழை நாளிலை?"

"லாச்சி."

"நாள் முழுக்கக் காருக்குள்ளை இருக்கிற நாளிலை?"

ஊலெ பெரியவர் குத்திய விலாவைத் தடவினார். கிர்ஸ்டன் கத்தரிக்கோலைக் கீழே போட்டா.

"அப்ப நான் லாச்சிக்கெல்லோ கோட்டுத் தைக்கவேணும்!"

அன்றே சின்னவருக்கு ஒரு கோட்டு வெட்டினோம். உட்பொக்கற்றை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. அது சாதாரணக் கோட்டு மாதிரியே விழுந்தது.

3. கோப்பி வரிசை

ஆனால் ஊலெக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் பெரியவரில்தான் நம்பிக்கை. எனவே முதலாவது சோதனை பெரியவரோடு என்று உத்தரவு வந்தது. கிர்ஸ்டன் கோட்டைத் திரும்பத் திரும்ப வெட்டி, சோபாவில் இருந்து ஒரு நாற்காலி அளவுக்குக் கொண்டுவந்திருந்தா.

சோதனை இதுதான். ஊலெயின் ஆட்கள் ஆறு பேர் எங்கள் கோட்டோடு கன்டீனுக்கு வருவார்கள். சிலரிடம் பொம்மைப் பிஸ்டல் இருக்கும், சிலரிடம் இராது. நான் கண்டுபிடித்தால் ஓடர் இல்லை.

எனக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரிந்தது. கேள்விப்பத்திரம், அதாவது டென்டர், போடுகிறவனே அதைத் தெரிவு செய்யும் குழுவிலும் இருக்கக் கூடாது. கச்சேரியில் இதற்காக ஒருவர் வேலை இழந்திருக்கிறார். ஊலெயிடம் முறைப்படி சொன்னேன்.

"நீங்கள் கேக்கேக்கை எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னால் எனக்கு வேலை. தெரியுது எண்டு சொன்னால் பன்றி."

"தெரியும். அதுதான் உன்னைக் கேக்கிறன். நீ பொய் சொன்னால் சுவரோடை போய் நிக்கிற ஆள் மாதிரி நிப்பாய். எனக்கும் ஆக்களைப் பாக்கத் தெரியும்."

அன்று காலை புஷ்பம் அக்கா என்னை ஓவர்லாக்குக்குப் பின்னால் மறித்தா.

"அண்ணை, இண்டைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. உங்கட கண்ணுக்கு ஒரு நாள் லீவு குடுங்கோ."

"அதெப்பிடி, நேர்மையெண்டு ஒண்டு—"

"பன்றிக்கு முன்னாலை நிண்டு நேர்மையைக் கதையுங்கோ. அது விளங்கிக்கொள்ளும்."

ஆறு பேரும் வந்தார்கள். கோட்டில் குறை இல்லை. ஒரு மடிப்பும் காட்டிக் கொடுக்கவில்லை. நான் மனதுக்குள் கிர்ஸ்டனை மெச்சிக்கொண்டிருந்தபோது அவர்கள் கோப்பி வரிசையில் நின்றார்கள். அங்கேதான் கெட்டுப்போனது. மூன்று பேர் வலது முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, இடக்கையால் கோப்பி ஊற்றினார்கள். அவர்களில் ஒருவர் மேசை மூலையைத் தாண்டும்போது ஏதோ விழுந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி இடுப்பைத் தொட்டார்.

புஷ்பம் அக்கா தூரத்தில் இருந்து என்னைப் பார்த்த பார்வையில் கம்பளியே எரிந்திருக்கும். நான் மூன்று பேரையும் காட்டினேன். மூன்றும் சரி.

கிர்ஸ்டன் சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று குச்சி உரசினா.

"அப்ப கோட்டு ஃபெயில்," என்றார் ஊலெ.

"இல்லை," என்றேன். "கோட்டு பாஸ். பிஸ்டல்தான் ஃபெயில். உங்கட நிபந்தனையிலை என்ன இருக்கு? கோட்டுக்கு வெளியாலை தெரியக் கூடாது. தெரியேல்லை. ஆனால் அந்தப் பாரத்தை இடுப்பிலை வைச்சிருக்கிறவன் அதை மறக்க மாட்டான். மறக்காதவனை நான் கண்டுபிடிப்பன். சின்னவரைக் குடுத்து அவையளைக் கொஞ்ச நாள் திரிய விடுங்கோ. பால் வாங்கேக்கையும் வைச்சிருக்கச் சொல்லுங்கோ. பிறகு வாங்கோ."

ஊலெ தன்னுடைய ஆட்களைப் பார்த்தார். அதில் ஒருவர், இடக்கையால் ஊற்றியதில் கோப்பியை மேசையில் கொட்டியிருந்தவர், மெல்லத் தலையாட்டினார்.

4. இரண்டாவது சோதனை

அவர்கள் திரும்பி வந்தபோது குளிர் தொடங்கியிருந்தது. இந்த முறை மேலிடத்தில் இருந்தும் ஒருவர் வந்திருந்தார். ஊலெ நிபந்தனையை உரத்து வாசித்தார்: "இந்தக் கன்டீனுக்குள்ளை சின்னவர் ஒண்டு மட்டும் இருக்கு. ஆரிட்டை எண்டு சொல்ல வேணும். ஒரேயொரு தரம்தான் காட்டலாம். சாப்பாட்டு நேரம் முடியுமட்டும் உனக்கு நேரம்."

அதே ஆறு பேர். கோப்பியை எல்லோரும் வலக்கையால் ஊற்றினார்கள். ஒருவர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினார், கோட்டு அசையவில்லை. நான் என் புட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் பார்த்தேன். முழங்கை பட்டதில் பெட்டியின் மூடி நிலத்தில் விழுந்து உருண்டது. பக்கத்தில் இருந்த புஷ்பம் அக்கா குனிந்து எடுத்து, தன் வேலைச்சட்டையில் துடைத்துத் தந்தா.

"சாப்பிடுங்கோ அண்ணை. வெறும் வயித்தோடை பாத்தால் எல்லாரும் கள்ளர் மாதிரித்தான் தெரிவினம்."

"கொஞ்சம் பொறுங்கோ. ஆள் ஆரெண்டு பிடிபடப் போகுது."

பிடிபட்டது. ஹென்னிங் என்ற மொட்டைத்தலைக்காரர் கோப்பியோடு வந்து கதிரையில் இருந்தார். இடப்பக்கத்தை முதலில் இறக்கினார். வலப்பக்கத்தை முட்டை வைக்கிற மாதிரி வைத்தார். முகத்தைச் சுளித்தார். ஊலெ முதன்முதல் வந்த அன்று இருந்த அதே இருப்பு. இதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்தக் கோட்டும் போச்சு, இந்த அறையும் போச்சு என்று மனது அடித்துக்கொண்டது. ஆனாலும் எழும்பி நின்று கையை நீட்டினேன்.

"இவர். வலது இடுப்பு."

ஹென்னிங் கோட்டைத் திறந்து காட்டினார். ஒன்றும் இல்லை. மற்றப் பக்கத்தையும் திறந்தார். அங்கேயும் இல்லை. பிறகு, காலநிலை சொல்கிறவர் மாதிரி, கன்டீன் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு மூலவியாதி."

கிர்ஸ்டன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினா. மேலிடத்து மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப ஆரிட்டை?" என்று ஊலெயைக் கேட்டார். அவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த புஷ்பம் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. வேலைச்சட்டையின் உள்ளே கையை விட்டு, சின்னவரை எடுத்து, என் புட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தா.

"என்ன அண்ணை, ஆம்பிளையளை மட்டும்தானோ பாப்பீங்கள்?"

எங்கள் கோட்டின் உட்பொக்கற்றை அப்படியே அவவின் வேலைச்சட்டைக்குள் வைத்துக் கிர்ஸ்டன் தைத்திருக்கிறா. யோசனை ஊலெயுடையது. காலையில் இருந்து அதை வைத்துக்கொண்டு அவ ஓவர்லாக் அடித்திருக்கிறா, என்னோடு வாய் காட்டியிருக்கிறா, குனிந்து மூடி எடுத்துத் தந்திருக்கிறா. நானோ யாழ்ப்பாணத்து வீதியில் பார்க்கப் பழகியபடி, இளம் ஆண்களின் இடுப்புகளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"உங்களுக்குப் பயமில்லையோ? குனியேக்கை விழுந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பயம்? என்ரை தாலிக்கொடி, தங்கச்சியின்ரை காப்பு, அம்மான்ரை அட்டியல், எல்லாத்தையும் உள்பாவாடையிலை தைச்சுக்கொண்டு கரவெட்டியிலை இருந்து கொழும்புமட்டும் வந்தனான். வழியிலை எத்தினை ஆமிச் சென்றிச் சோதனை. ஒவ்வொரு சென்றியிலையும் இறங்கி, நடந்து, ஏறி. ஒருத்தனும் காணேல்லை. அதோடை பாத்தால் இது பாரமே?"

நான் இதை மொழிபெயர்த்தேன். அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மேலிடத்து மனிதர் முதன்முறையாகப் பேனாவை மூடினார். சின்னவரைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்து, ஊலெயிடம், "இதையே எடு," என்றார்.

ஓடர் வந்தது. தவறான ஆளைக் காட்டியதற்காக நிரந்தர நியமனம் பெற்ற உத்தியோகத்தர், இலங்கையிலும் டென்மார்க்கிலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தினமும் கொண்டுபோகவேண்டிய எதைத் தெரிவு செய்தாலும், கையில் பிடிக்க எது பெருமை என்று பார்க்காதீர்கள், எதை வைத்துக்கொண்டு மறந்துபோவீர்கள் என்று பாருங்கள். சோதனைக்கு நல்ல கண் உள்ளவனை அழையுங்கள். ஆனால் அந்தக் கண் எந்த வீதியில் பழகியது என்பதையும் விசாரியுங்கள்.

அன்று எல்லோரும் கைகொடுத்துக்கொண்டு நிற்க, புஷ்பம் அக்கா மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தா. அவவுக்கு அடிக்கிற உருப்படிக்குத்தான் சம்பளம்.

"நான் போறன் அண்ணை. உங்கட பிஸ்டல் விளையாட்டிலை என்ரை முப்பது கோட்டுக்கை ஓவர்லாக் பிந்திப்போச்சு. அந்தப் புட்டை முடியுங்கோ, சைவப் புட்டுத்தான். சின்னவர் அதைத் தொடேல்லை."