பின்பக்கம் எழுதிய கார்டு

பழைய பேப்பர் கடையில் வாங்கிய கிரிக்கெட் கார்டுக் கட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கே ஒரு அக்கா வந்துவிட்டார். வீடு ஒழிக்கும்போது கணவரின் கட்டைத் தெரியாமல் கடையில் போட்டுவிட்டாராம்.

"எல்லாம் வேணாம் தம்பி. பின்னாடி பேனாவுல எழுதியிருக்கிற ஒண்ணு மட்டும் குடு."

"அது டேமேஜ் பீஸுக்கா. இந்த மின்னுறத எடுத்துக்குங்க. நூறுதான் அச்சடிச்சாங்க, ரேர்."

"நூறா? அவ்ளோ ஜாஸ்தியா? நான் கேக்கறது ஒண்ணுதான் இருக்குது. எழுதுன தோஸ்த் போன வருஷம் மவுத்தாய்ட்டாரு, இனிமே எழுதித்தர ஆளில்ல. வீட்டுக்காரரு மூணு நாளா சரியா சாப்பிடல."

ஷூ ஃபேக்டரியில் தோலில் பட்ட மையைத் தின்னரால் துடைப்பது என் வேலை. அந்தக் கார்டையும் துடைக்கத்தான் நேற்று உட்கார்ந்தேன். பாட்டில் காலியாக இருந்ததால் விட்டேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

கார்டைக் கொடுத்தேன். திருப்பி, கணவர் பெயர் இருந்த வரியைப் படித்தார்: 'சலீம் என் தோஸ்து.'

"எழுத்தப் பாரு, கோழி கிளறுன மாதிரி!" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

மீதிக் கார்டுகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு எழுத்துகூட இல்லை. முதல்முறையாக அது குறையாகத் தெரிந்தது.

உங்களிடம் கிறுக்கின கார்டு இருந்தால் கீழே போடுங்கள். மாற்றிக்கொள்ளக் கேட்க மாட்டேன், படிக்க மட்டும்தான்.