வெள்ளைச் சாக்கில் ஒரு சொட்டு

போன வாரம் மரக்காணம் உப்பளத்தில், உச்சி வெயிலில், வளர்ந்த மனிதர்கள் நாலு பேர் மண்டி போட்டு ஒரு ஜீப்பின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நால்வரில் நானும் ஒருவன்.

ஜீப்புக்குக் கீழே ஒரு வெள்ளைச் சாக்கு விரித்திருந்தது. உப்பு மூட்டை கட்டும் சாக்கு. புத்தம் புதுசு.

அதன் மேல் எதுவும் விழக்கூடாது. அவ்வளவுதான் பரீட்சை.

விழுந்தது. ஒரே ஒரு சொட்டு. கறுப்பாக, கொழகொழவென்று, எந்த அவசரமும் இல்லாமல்.

"அவ்ளோதான். வண்டிய வெளிய எடு" என்றார் உப்பள மேஸ்திரி.

ஒரு சொட்டு ஆயிலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். உப்பளத்துப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். பாத்தியில் நிற்கும் உப்புத்தண்ணீரில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால், அது நின்ற இடத்தில் நிற்காது. ஜவ்வு மாதிரி பாத்தி முழுக்கப் படரும். கீழே விளைந்த உப்பு கறுத்துப்போகும். அந்தக் குவியலை எந்த வியாபாரியும் தொட மாட்டான். மேஸ்திரி கோபப்பட்டது நியாயம்தான்.

ஆனால் ஜீப்புக்காரர் ஆரோக்கியத்தின் முகம் போன போக்கும் நியாயமானதே.

ஆரோக்கியம் எங்கள் தெருக்கோடியில் இருப்பவர். அவருடைய ஜீப் ஒரு சர்க்கார் இலாகாவில் உழைத்து ஓய்வு பெற்றது. ஏலத்தில் எடுத்தார். நானும் அப்படி ஓய்வு பெற்றவன்தான் — என்னை யாரும் ஏலம் விடவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். காலையில் உப்பு வாரும் பெண்களை ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு டிரெய்லரில் குடிதண்ணீர் டேங்கையும் இழுத்துக்கொண்டு அளத்துக்குள் போவார். அந்தப் பெண்களில் அவர் மனைவி ரெஜினாவும் ஒருத்தி.

டிசம்பரில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனதிலிருந்து அளத்துப் பாதை சேறு. டிராக்டர் விட்டால் கரை உடையும். சாதாரண வேன் முதல் வளைவிலேயே புதையும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்த ஜீப் ஒன்றுதான் கதி. அது நின்றால் பெண்கள் ரோட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து, வழுக்கும் கரை மேல் நடக்க வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது — அந்த இடத்தில் ஒரு குடம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் கரையில் கறை பார்த்திருந்தார் மேஸ்திரி. "சொட்டறத நிறுத்து, இல்லாட்டி ரோட்டுலயே நில்லு" என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் ஆரோக்கியம் என் வீட்டு கேட்டைத் தட்டியது.

"இன்னா வியாதின்னே தெரில சார். முன் பொட்டில ஆயில் ஊத்திக்கினே இருக்கறேன், காணாமப் பூடுது. பின் பொட்டில ஊத்தவே இல்ல, அது நெறஞ்சு வழியுது. பேய் பிடிச்ச மாரி இருக்குது."

பேய் இல்லை. முன்னால் இருப்பது கியர்பாக்ஸ். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ் — இன்ஜினின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்டு சுழலும். தண்டைச் சுற்றி ஓர் ஆயில் சீல். சீல் தேய்ந்துவிட்டால், சுழலும் பற்கள் முன்பெட்டி ஆயிலைப் பின்பெட்டிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பெட்டி காயும். பின்பெட்டி வழியும்.

முறைப்படி இரண்டையும் இறக்கிப் பிரித்து சீல் மாற்ற வேண்டும். அதற்கு ஜீப்பைப் பாண்டிச்சேரியில் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும். உப்பு விளையும் பருவத்தில் அது நடக்குமா?

இன்னொரு முறையும் உண்டு. இரண்டு பெட்டிகளின் அடியிலும் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளை ஒரு ஹோஸால் இணைத்துவிடுவது. மேலே சீல் வழியாகப் போன ஆயில், கீழே ஹோஸ் வழியாகத் திரும்பி வந்துவிடும். போனது திரும்பி வருவது... உலகத்தில் அப்படி எத்தனை இடங்கள் இருக்கின்றன சொல்லுங்கள்!

சர்க்கார் வாகனப் பணிமனையில் என் உத்தியோகமே செய்முறை எழுதுவது. எந்த போல்ட்டை முதலில் முறுக்க வேண்டும், எதைக் கடைசியில் என்று சர்க்குலர் போட்டவன் நான். துடைக்கும் துணியை எப்படி மடிக்க வேண்டும் என்றுகூட ஒன்று போட்டேன். யாரும் மடிக்கவில்லை. அது வேறு கதை.

எனவே வேலை என் வீட்டு வாசலில், என் தலைமையில் நடந்தது. நான் நாற்காலியில். ஆரோக்கியம் ஜீப்புக்கு அடியில். ரெஜினா ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க.

முதலில் அவர் கொண்டுவந்தது செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ். திருப்பி அனுப்பினேன். ஆயில் பட்டால் அது ஊறி, உப்பி, பிய்ந்துவிடும். ஆயில் தாங்கும் கறுப்பு ரப்பர் ஹோஸ் வந்தது. வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே வடிக்கச் சொன்னேன். சூட்டில்தான் அடி மண்டி முழுக்க இறங்கும். இரண்டு பெட்டிக்கும் ஒரே ரக ஆயில் — இனி இரண்டும் கலக்கப் போகிறதே! ஹோஸ் எங்கும் மடங்கக் கூடாது. சைலன்சர் குழாயை உரசக் கூடாது. சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கல்லில் இடிக்கிற மாதிரி தொங்கக் கூடாது. கிளிப்பை முறுக்கு, ஆனால் ரப்பரை வெட்டுகிற அளவுக்கு முறுக்காதே. ஆயில் ஊற்றியதும் இன்ஜினை ஓடவிட்டு, நான் சொல்கிறபடி மடித்த துணியால் மூட்டுகளைத் துடைத்து, கசிகிறதா பார்...

"சாமியாரு பூசை வைக்கற மாரி இருக்குது சார்" என்றாள் ரெஜினா. "நடுவுல எழுந்து போனா பாவமா?"

"ஏய், சும்மா இரு. சார் எதையாச்சும் மறந்துடப் போறாரு" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

நானா மறப்பேன்?

எல்லாம் முடிந்தபோது ரெஜினா குனிந்து ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பொட்டியும் சமமாயிடுமா சார்?"

"காலைக்குள் சமமாகிவிடும்" என்றேன்.

அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பரீட்சை. மேஸ்திரி ஜீப்பைக் கரையோரமாக ஒரு பெரிய சுற்று ஓட்டச் சொன்னார். பிறகு நிறுத்தி, வெள்ளைச் சாக்கை விரித்தார். அந்தச் சொட்டு விழுந்தது.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். ரெஜினா என்னைப் பார்த்தாள். கொட்டகை நிழலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் டிரெய்லர் ரோட்டோரத்தில் நின்றது. உள்ளே வருமா வராதா என்பது அந்தச் சாக்கில்தான் இருந்தது.

"சார் பெரிய ஆபீசருன்னு சொன்னியே?" என்றார் மேஸ்திரி, என்னைப் பார்க்காமல், ஆரோக்கியத்திடம்.

வேறு வழி? ஒரு கோணியை விரித்து, பல வருஷம் கழித்து ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். இடுப்பு ஒரு பெட்டிஷன் போட்டது. நிராகரித்தேன்.

மூட்டுகள் சரி. கிளிப் சரி. ஹோஸ் —

ஹோஸ் நட்டநடுவில் இரண்டாக மடித்து, மீன் வலைக்குப் போடும் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அப்படி ஒரு முடிச்சு. புயலில் படகையே கட்டிப் போடலாம்.

"இதை யார் கட்டியது?"

"நாந்தான் சார்" என்றாள் ரெஜினா. குரலில் குற்றம் இல்லை. நியாயமான ஒரு பெருமை இருந்தது.

"எதுக்கும்மா?"

"நீங்கதான சார் சொன்னீங்க, காலைக்குள்ள சமமாயிடும்னு? காலைல அவரு ரெண்டு பொட்டியும் தொறந்து விரல வுட்டுப் பாத்தாரு. சமமா இருந்துது. மடைய அடைச்சிட்டேன்."

சில நொடிகள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தலையைத் திருப்பி, ஜீப்புக்கு அடியிலிருந்தே, உப்புப் பாத்திகளைப் பார்த்தேன். புரிந்தது.

மேல் பாத்தியிலிருந்து கீழ் பாத்திக்கு மடை வழியாகத் தண்ணீர் விடுவார்கள். மட்டம் வந்ததும் ஒரு கை சேற்றை அள்ளி மடையை அடைத்துவிட வேண்டும். மறந்துவிட்டுப் போனால்? உப்பு முற்றாத இளந்தண்ணீர், விளைந்த உப்பின் மேல் ஏறும். பாடுபட்டு விளைவித்தது கரைந்து போகும். அளத்தில் வேறு எந்தத் தப்புக்கும் மன்னிப்பு உண்டு, திறந்து கிடக்கும் மடைக்குக் கிடையாது. கடைசியாகக் கிளம்புகிறவர் ஒவ்வொரு மடையையும் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கரையேறுவார். விவரம் தெரிந்த நாளிலிருந்து ரெஜினாவின் கைகளுக்கு அது பாடம்.

"தொறந்தே போட்டா மேல இருக்கறது பூராவும் கீழ எறங்கிடாதா சார்? முன் பொட்டி காயும், பின் பொட்டி வழியும். ஏற்கெனவே அதான நம்ம ரோதனை?"

தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா? நிற்கிற தண்ணீருக்கு இது சட்டம். ஓடுகிற பெட்டியில் ஆயில் நிற்காது — பற்கள் சுழலும் வரை அது பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். திரும்பி வரும் ஒரே வழியை அவள் படகு முடிச்சுப் போட்டு அடைத்திருந்தாள்.

"ஏம்பா ஆரோக்கியம்" என்றார் மேஸ்திரி. "பொண்டாட்டி கட்டும்போது நீ பாத்துக்கினுதான இருந்த?"

"இருந்தேன்ணே. சரின்னுதான் பட்டுச்சு."

மேஸ்திரி தாடையைத் தடவினார். கறை பட்ட சாக்கைப் பார்த்தார். தன் பாத்திகளைப் பார்த்தார்.

"எனக்கும் சரின்னுதான் பட்டிருக்கும்" என்றார். "சமமான பின்ன தொறந்து போட்டுட்டு வந்திருந்தா, நானே திட்டியிருப்பேன். அவுருங்க. வேற சாக்கு எடுத்தாரேன்."

அவிழ்க்க முடியவில்லை. ரெஜினாதான் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தாள். அது அவள் முடிச்சு.

உடனே ஓட்ட வேண்டாம் என்றேன். போன ஆயில் திரும்பி வர நேரம் கொடுக்க வேண்டும். ஜீப்பின் வயிற்றைத் துடைத்து வைத்துவிட்டு, வெயிலில் காத்திருந்தோம். கொட்டகையில் ஒரு பெண் காலிக் குடத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஒரு சுற்று. மறுபடி வெள்ளைச் சாக்கு. மறுபடி மண்டி.

ஒன்றும் விழவில்லை. மேஸ்திரிக்கு நம்பிக்கை இல்லை. கையை விட்டு ஜீப்பின் அடியைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைத் தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"போய் தண்ணிய எடுத்தா" என்றார். "ஆனா சாக்கு தெனம் விரிப்பேன்."

கொட்டகையில் குடங்கள் எழுந்து நின்றன.

திரும்பி வரும்போது ஜீப்பில் ரெஜினாவிடம் கேட்டேன்: "கட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்கதான் எல்லாத்தையும் சொல்றவராச்சே சார். துணி எப்படி மடிக்கறதுன்னுகூட சொன்னீங்க. அடைக்காதன்னு இருந்தா அதையும் சொல்லியிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

ஆரோக்கியம் சிரிப்பை அடக்க, ஜீப்பின் கியரைத் தேவையில்லாமல் மாற்றினார்.

அன்று மாலை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செய்முறை எழுதுகிற எங்களைப் போன்றவர்கள், கேட்கிறவர் வெறுங்கையோடு வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். வெறுங்கை என்று ஒன்று உண்டா? ஒவ்வொரு கையும் ஏற்கெனவே ஏதோ ஒரு பாத்தியில் பழகித்தான் நம்மிடம் வருகிறது. நாம் சொன்னது முடிந்த இடத்தில், அது பழகியது ஆரம்பிக்கிறது.

ரெஜினா மட்டும்தானா? பணிமனையில் கடைசியாகக் கிளம்புகிறவன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும் — நான் போட்ட சர்க்குலர்தான். ஓய்வு பெற்ற முதல் வாரம், ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் கிளம்பும்போது, கடைசியாகப் படியிறங்கியவன் நான். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினேன். திரும்பி வந்து பிரிட்ஜைத் திறந்த என் மனைவி கேட்டதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அன்றிலிருந்து யாருக்காவது எதையாவது விளக்கி முடித்த பிறகு, கடைசியில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்கிறேன்: "சரி, நான் போன அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேட்டுப் பாருங்கள். வருகிற பதில்களுக்குப் பிறகு, அந்த இடத்தை விட்டு நகரவே பயமாக இருக்கும்.