இன்றியமையாத மருமகள்

என் கணவர் சமூகவியல் பேராசிரியர். செயல்பாட்டுவாதம் என்ற பெயரைக் கேட்டாலே அவருக்கு மூக்கு சிவந்துவிடும். சமுதாயம் ஓர் உடம்பு, ஒவ்வொரு வழக்கமும் ஓர் உறுப்பு, எல்லா உறுப்பும் தன் வேலையைச் செய்வதால்தான் உடம்பு நிற்கிறது என்று சொல்லும் கொள்கை அது. வருடா வருடம் அதை நடத்தும்போது முதலாண்டுப் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "சரி, உடம்புன்னே வெச்சுக்குவோம். யாரு தலை, யாரு கால்னு முடிவு பண்ணது யாருப்பா?" வகுப்பு கைதட்டும். கல்யாணமான புதிதில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல.

அந்த வீரமெல்லாம் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் வந்துவிட்டால் செருப்போடு கொள்கையையும் வாசலில் கழற்றிவிடுவார். காபி கைக்கு வர வேண்டும், துண்டு கொடியில் இருக்க வேண்டும். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்த ரகம். இதை நான் மறைத்துப் பேசப் போவதில்லை.

மாமனார் காலமாகிப் பதினொரு வருடம். ஒவ்வொரு வருடமும் அவருடைய திதியன்று ஸ்ராத்தத் தளிகை, அதாவது திதிச் சமையல், என் பொறுப்பு. விடிவதற்கு முன் குளித்து, யார் கையும் படாமல் உலர்த்திய மடிப் புடவையைக் கட்டிக்கொண்டு, பல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், பகல் பன்னிரண்டரைக்குள் அத்தனையும் முடித்தாக வேண்டும். மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது, அவரால் அடுப்படியில் நிற்க முடியாது. என்னுடைய பிரண்டைத் துவையலை, திதி பண்ணி வைக்க வரும் வாத்தியார் வருடம் தவறாமல் புகழ்வார். அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் திதி நடக்காது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் என் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். வீட்டு வேலையைச் செயல்பாட்டுவாதம் எப்படி நியாயப்படுத்தியது, மறுத்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று ஆறு வருடம் பகுதி நேரமாக எழுதினேன். மறுத்தவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒரு வேலை அவசியமாக இருக்கலாம். அதற்காக அதை இன்னார்தான் செய்தாக வேண்டும் என்று ஆகாது, வேறொருவர் செய்தாலும் உடம்பு நிற்கும். இதற்கு முப்பது பக்கம் ஒதுக்கியிருந்தேன். எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய் உளுந்து ஊறப்போடுவேன்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு, அதான் வைவாவுக்கு, தேதி கடிதத்தில் வந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்றைக்குத்தான் திதி. நான் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்; பெயரில் மட்டும்தான் கௌரவம். ஜூனுக்குள் பட்டம் கையில் இல்லையென்றால் அடுத்த வருடம் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காலைப் பலகாரத்தின்போது கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"தேதியை மாத்தித் தரச் சொல்லேன்," என்றார்.

"வெளி மாநிலத்துலேர்ந்து எக்ஸாமினர் வரார். இந்தத் தேதிக்கே ஏழு மாசம் காத்திண்டிருந்தேன். தளிகைக்கு ஒரு ஆளை வெச்சுக்கலாமேன்னா."

"நம்மாத்துல அந்த வழக்கமில்லை. அம்மா ஒத்துக்கவே மாட்டா." தோசையைப் பிட்டுக்கொண்டே தொடர்ந்தார். "குடும்பம்னா ஒரு பேலன்ஸ் இருக்கு. ஒரு இடத்துல இழுத்தா மொத்தமும் ஆடிப் போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நீங்க செகண்ட் செமஸ்டர்ல கிழிச்சுத் தொங்கவிடற பாராவாச்சே."

"தியரி வேற, ஆத்து விஷயம் வேற," என்று கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எப்படியும் பணிந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன். திதியன்று காலை ஏழே முக்காலுக்கு மடிசார் இல்லாமல், சாதாரணப் பருத்திப் புடவையில், பையோடு கூடத்தில் வந்து நின்றேன். அவர் ஈர வேஷ்டியோடு நின்றிருந்தார்.

"அப்ப தளிகை யார் பண்றது?"

"தெரியாது," என்றேன். அந்த வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பஸ் ஏறினேன். பாவி, ஒரு ஆத்மாவைப் பட்டினி போட்டுவிட்டுப் போகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. 'வாத்தியார் ஒரு நம்பர் குடுத்தார். அடையவளஞ்சான் தெருலேர்ந்து ஒரு மாமி வந்துட்டா. கவலைப்படாதே.' மணி எட்டு இருபது.

முப்பத்தைந்து நிமிடம். அதில் அந்த மாமி நடந்து வந்த நேரமும் அடக்கம். பதினொரு வருடமாக நான் தாங்கிப் பிடித்ததாக நினைத்திருந்த கூரை ஒரு போனில் தானே நின்றுகொண்டது. நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

வைவாவில் எக்ஸாமினர் அந்த முப்பது பக்கத்துக்கே வந்தார். எந்த உறுப்பும் இன்றியமையாதது இல்லை என்பதற்குக் களத்திலிருந்து ஓர் உதாரணம் கேட்டார். எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு அன்று காலை நடந்ததைச் சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மாற்று அவ்வளவு எளிது என்றால் பதினொரு வருடம் ஏன் உங்களையே நம்பியிருந்தார்கள்?" என்றார். "நான் மறுக்காததால்," என்றேன். தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

பாஸ் என்று நான் செய்தி அனுப்பிய பத்தாவது நிமிடம் என் கணவர் போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். 'குடும்பத்தின் முழு ஒத்துழைப்போடு என் மனைவி இன்று முனைவர்.' ஒத்துழைப்பாம், பெரிய ஒத்துழைப்பு. கீழே அவருடைய மாணவர்கள் வரிசையாகக் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. அவர் உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் உள்ளறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா. பாஸ்."

"ரொம்ப சந்தோஷம்டி. இங்கயும் ஒண்ணும் குறையில்லை. துவையல்ல கொஞ்சம் புளி ஜாஸ்தி, அவ்வளவுதான்."

"ஆள் வெச்சா நீங்க ஒத்துக்க மாட்டேள்னாரேம்மா."

"நானா? இன்னிக்குக் காலம்பறதான் வந்து கேட்டான், வெச்சுக்கோன்னேன். அதுக்கு முன்னாடி என்னை யார் கேட்டா?"

அவரை எழுப்பி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தைலக் குப்பியை மூடினார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா காலமான அன்னிக்கு இந்தாத்துல ஸ்ராத்தம். உன் மாமனாரோட அப்பாக்கு. எங்காத்துலேர்ந்து, முசிறிலேர்ந்து, சேதி சொல்ல ஆள் காலம்பற ஏழு மணிக்கே வந்துட்டான். என் காதுல விழுந்தா எனக்குத் தீட்டு, தளிகை பண்ணப்படாது. அதனால அவனை வாசல்லயே உக்கார வெச்சுட்டா. நான் உள்ளே வடை தட்டிண்டிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம், மூணு மணிக்குச் சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பஸ் பிடிச்சு நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டா. முகம் பாக்கலை."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை தைலத்தில் வழுக்கியது.

"நான் இல்லேன்னா ஸ்ராத்தம் நின்னு போயிடும்னுதான் நானும் நெனச்சிண்டிருந்தேன்," என்றார். "அன்னிக்கும் இந்த வீதியில தளிகைக்குக் கூப்பிட்டா வர்றதுக்கு ஆள் இருந்தாடி."