நன்றி சொல்ல வைத்த சொல்

“பெர்பிடியஸ்” என்று சொல்லிக்கொண்டே இறாலின் தலையைத் திருகி எடுக்கிறார் ஐவி. “எண்டால், நம்பவைச்சுக் கழுத்தறுக்கிறது.” அடுத்த இறாலுக்கு அடுத்த சொல். குசினி அலுமாரியில், அரிசிப் பேணியில் சாய்ந்தபடி அகராதி விரிந்து கிடக்கிறது. அதன் ஓரமெல்லாம் மஞ்சள் விரல் அடையாளம்.

பாலையூற்றில் அவர் வீடும் என் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். காலையில் எனக்குக் கேட்கும் முதற்சத்தம் அவருடைய ஆங்கிலம்தான். கதிரையில் கண்ணயரும் கணவர் சூசைப்பிள்ளையைக் காட்டி, “இந்த மனிசன் லெதாஜிக். சரியான மந்தம்” என்பார். சூசைப்பிள்ளை கண் திறக்காமலே “ஓம்” என்பார்.

உச்சரிப்பு எல்லாம் அவருடைய சொந்தம். ‘எபிட்டோம்’ என்று ஒரு சொல்லை அவர் சொல்ல, கோயில் சுவாமியார் ‘எபிட்டமி’ என்று திருத்தப் பார்த்தார். “எழுதின மாதிரி வாசிக்க ஏலாத பாஷைக்கு நான் பொறுப்பில்லை, சுவாமி.” அவர் முதலில் தேடிப் படிப்பது வசைச் சொற்களை. “புகழுற சொல்லுகளை ஆறுதலாப் பாப்பம். அது தெரியாட்டி ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் அவர் ரெலிபோன் ஒப்பரேற்றர். மேற்பார்வையாளர் பதவி காலியானபோது ஆளைத் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். முகாமையாளர் கனகசுந்தரம் ஐவியைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: கெட்டிக்காரிதான், ஆனால் ‘கரூலஸ்’. அதுவும் ஒரு புகழ்ச்சி என்று நினைத்து ஐவி, “தேங்க் யூ, சேர்” என்றார். இருவரும் சிரித்தார்கள். ஐவியும் சிரித்தார்.

பதவி வேறொருவருக்குப் போனது. அந்தச் சொல்லுக்கு ‘வாய் ஓயாத அலட்டல்காரி’ என்று பொருள் என்பதை அவர் அறிந்தது அதற்குப் பிறகு.

“முகத்துக்கு நேர பேசிப்போட்டு என்னைக்கொண்டே நன்றியும் சொல்லுவிச்சவங்கள்! வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயிற்றான். இவங்கள் அவன்ர நாக்கை வாங்கி வைச்சுக்கொண்டு எங்களை வெட்டுறாங்கள்!” இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். பொருள் தெரிந்த கிழமையே அகராதி வாங்கினார்.

சென்ற வருடம் கிண்ணியாப் பக்கத்திலிருந்து றஹ்மா என்ற பெண் ரைப் அடிக்க வந்து சேர்ந்தாள். கேட்டால் மறுக்க மாட்டாள். சனிக்கிழமையும் சம்பளமில்லாமல் வருவாள். ஒருநாள் விருந்தாளி ஒருவரிடம் கனகசுந்தரம் அவளைக் காட்டி, ‘கலிபிள்’ என்று சிரித்தார். றஹ்மா வெட்கத்தோடு புன்னகைத்தாள்.

ஐவி ரெலிபோன் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தங்கச்சி, சிரியாதை! உன்னை லேசா ஏமாத்தலாமாம். அதைத்தான் சேர் சொல்லுறார்.”

கந்தோர் முழுக்கக் கேட்டது. அடுத்த சனிக்கிழமை றஹ்மா வரவில்லை. திங்கட்கிழமை ஐவியை இறங்குதுறைப் பண்டகசாலைக்கு மாற்றிவிட்டார்கள். தகரக் கூரை, சீமெந்துத் தூசி, குடிதண்ணீருக்கு வெயிலில் நடை. பத்து விரலாலும் பத்து அழைப்பைச் சமாளித்தவரை மூட்டைக்குக் காவல் வைத்த அநியாயத்தை என்னவென்பது! மாலையில் தலைமயிரெல்லாம் சாம்பலாகத் திரும்பி வருவார். ஆனாலும் அடுத்த நாள் இறாலோடு சொல்லும் உரிபடும்.

போன மாதம் ஒரு பெட்டி எடுக்க நான் அந்தப் பண்டகசாலைக்குப் போயிருந்தேன். கனகசுந்தரமும் வந்து சேர்ந்தார். புது ஒப்பரேற்றரால் ஏலவில்லையாம், கப்பல்காரர் ஏசுகிறார்களாம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி தாழ்ந்த குரலில் நீளமாக ஆங்கிலம் பேசினார். ‘றிக்றெற்’ வந்தது, நடந்ததுக்கு வருத்தமாம். ‘இன்டிஸ்பென்சபிள்’ வந்தது, அவர் இல்லாமல் முடியாதாம். ஐவியின் கண்ணைப் பார்த்தேன். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

“விளங்கேல்லை, சேர்” என்றார் ஐவி. “தமிழில சொல்லுங்கோ.”

கனகசுந்தரம் சுற்றிலும் பார்த்தார். பின்னால் சுமையாட்கள் தடதடவென்று மூட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐவி அவர்கள் பக்கம் கையை உயர்த்தினார். மூட்டைகள் தோளிலேயே நின்றன.